அனிமேஷன் கற்க முதலில் எந்தப் புத்தகம்?

மீனலோசனி

எல்லாருக்கும் வணக்கம். அனிமேஷன் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஓரளவு வரைவேன். மனித உருவம் தடுமாறும், ஆனா பார்த்தா இன்னதுன்னு தெரியும். வரையுற மென்பொருள் க்ரிட்டாவும் 3டி மென்பொருள் பிளெண்டரும் கணினியில இருக்கு. வீடியோப் பாடங்கள் நிறைய பார்த்துட்டேன். ஒவ்வொருத்தரும் நடுவுலேருந்து ஒரு துண்டைச் சொல்லித் தர்றாங்க. எதுக்கு அப்புறம் எதுன்னு பிடிபடல. அதனால புத்தகம் ஒண்ணை முன்னால வெச்சுக்கிட்டு வரிசையாப் போகலாம்னு நினைக்கிறேன்.

தேடினா பட்டியல் பட்டியலா வருது. எல்லாத்துலயும் அதே பத்துப் பேர்தான், ஆனா யாருக்கு எது பொருந்தும்னு யாரும் சொல்லல. ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டுதான் வாங்க முடியும். ஆங்கிலம் படிப்பேன், பத்தி பத்தியா இருந்தா மெதுவாத்தான் போகும். முதல் ஆசை 2டி. எதுல ஆரம்பிக்கிறது? ஏன் அதுன்னும் சொல்லுங்க, பேர் மட்டும் போதாது.

ராகவன்

கேள்வியிலேயே "ஏன்" இருப்பதால் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில் ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'. 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' (1988) படத்தின் அனிமேஷன் இயக்குநர் அவர். வார்னர் பிரதர்ஸில் வேலை பார்த்த கென் ஹாரிஸ், டிஸ்னியில் கூஃபியை வளர்த்தெடுத்த ஆர்ட் பாபிட், பெட்டி பூப்பை உருவாக்கிய க்ரிம் நாட்விக் போன்ற மூத்தவர்களைத் தன் லண்டன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார். ஏற்கெனவே பெயர் வாங்கிய இயக்குநர், அவர்களிடம் மாணவனாக உட்கார்ந்தார். அப்படிச் சேர்த்ததெல்லாம் 2001-இல் புத்தகமாக வந்தது. ஒருவருடைய திறமை மட்டுமல்ல, ஒரு தலைமுறையின் கைப்பழக்கமே அதில் இருக்கிறது.

வாங்கினால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காதீர்கள். நேராக டைமிங், ஸ்பேசிங் பகுதிக்குப் போங்கள். திரையில் ஓடும் ஒற்றைப் படம்தான் ஃப்ரேம். ஒரு செயல் எத்தனை ஃப்ரேமில் நடக்கிறது என்பது டைமிங். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் உருவம் எவ்வளவு நகர்கிறது என்பது ஸ்பேசிங். ஒரு கதவு ஒரு வினாடியில், அதாவது 24 ஃப்ரேமில் மூடுகிறது என்று வையுங்கள். எல்லா ஃப்ரேமிலும் ஒரே அளவு நகர்ந்தால் அது இயந்திரக் கதவு. பொடிப்பொடியாகத் தொடங்கிப் பெரிய பெரிய தாவலில் முடிந்தால் யாரோ கோபத்தில் அறைந்து சாத்தியிருக்கிறார்கள். வேகமாக வந்து கடைசியில் மயிரிழை மயிரிழையாக நெருங்கினால் உள்ளே குழந்தை தூங்குகிறது. மூன்று கதவுக்கும் டைமிங் ஒன்றுதான். கதையை மாற்றியது ஸ்பேசிங். இது ஒருமுறை மனதில் இறங்கிவிட்டால் நீங்கள் பார்த்த எல்லா வீடியோத் துண்டுகளும் தானாக இடம் தேடி உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கப்புறம் நடை. ஒரு அடி எடுத்து வைக்க 12 ஃப்ரேம் என்றால் இயல்பான, காரியமாகப் போகிற நடை. 16 என்றால் உலாத்தல். 8 என்றால் ஓட்டத்துக்குக் கிட்டே. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சாதாரண நடையைச் செய்துவிட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். மீதி பின்னால் வரட்டும்.

இளவெயில்

> என் பதில் ரிச்சர்ட் வில்லியம்ஸின் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்'.

ராகவன் அண்ணா, இதுல உங்களோட ஒத்துப்போக முடியல. புத்தகம் அருமை, என் மேசையிலயும் இருக்கு. ஆனா புதுசா வர்றவங்க கையில கொடுத்தா என்ன ஆகுதுன்னு நிறைய பார்த்திருக்கேன். நடைப் பகுதி ஆரம்பிச்சா பக்கம் பக்கமாப் போகும். குதிகால் எப்போ எழணும், இடுப்பு எந்தப் பக்கம் சாயணும், கை எந்த ஃப்ரேம்ல அகலமா விரியணும், அப்புறம் இதையெல்லாம் எப்படி உடைக்கணும். ஒரு வட்டத்தை நகர்த்திப் பார்க்காதவங்க அதைப் படிச்சிட்டு "இது நமக்கு ஆகாது"ன்னு முடிவு பண்ணிடறாங்க. அந்தப் பகுதிக்கு முன்னால நிறுத்திக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்றதில்ல.

மீனலோசனி, உங்களுக்கு நான் சொல்றது ப்ரெஸ்டன் பிளேர். 'ஃபேண்டேசியா' (1940) படத்துல நீர்யானைகளை ஆட வெச்சவர். அப்புறம் எம்ஜிஎம்ல கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரியோட வேலை பார்த்தார். 1940கள்லயே மெல்லிசான பாடப் புத்தகம் போட்டார். அதையெல்லாம் சேர்த்து விரிச்ச 'கார்ட்டூன் அனிமேஷன்' 1994-ல வந்தது. எழுத்து கம்மி, படம் அதிகம். ஆங்கிலம் மெதுவாப் போகும்னு சொன்னீங்க இல்லையா, இங்க அது தடையே இல்ல. நடையோட படங்கள் வரிசையா எண் போட்டு இருக்கும். அப்படியே நகலெடுத்து, க்ரிட்டாவுல ஃப்ரேம் ஃப்ரேமா வெச்சு ஓட்டினா அன்னிக்கே ஒரு உருவம் நடக்கும். நாம வரைஞ்ச கோடு எழுந்து நடக்கிறதை ஒருதடவை பார்த்துட்டா அப்புறம் யாரும் உங்களைத் துரத்த வேண்டாம், நீங்களே படிப்பீங்க.

இன்னொண்ணு, உருவத்தைக் கட்டுற விதம். உருண்டை, முட்டை வடிவம், பேரிக்காய் வடிவம்னு அடுக்கி எந்தக் கோணத்துல திருப்பினாலும் அதே ஆளா இருக்க வைக்கிறது. உடம்பு முழுக்க ஓடுற ஒத்தைக் கோடு, அதுதான் லைன் ஆஃப் ஆக்ஷன், அதை முதல்ல போட்டுட்டு அதுமேல உருவத்தை ஏத்துறது. ஓரளவு வரையத் தெரிஞ்சு மனித உருவம் தடுமாறுற ஒருத்தருக்கு இதைவிட நேரான உதவி கிடையாது.

ராகவன்

இளவெயில், பிளேரின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நகலெடுத்து ஓட்டிய நடை பிளேரின் நடை. அந்த ஆளை ஒரு கிழவராக மாற்றுங்கள், தோளில் மூட்டையை ஏற்றுங்கள் என்றால் எந்த ஃப்ரேமில் கை வைப்பது என்று அந்தப் புத்தகம் சொல்வதில்லை. ஏன் அந்த இடத்தில் உடல் தாழ்கிறது? முன்கால் தரையைத் தொட்டதும் எடையெல்லாம் அதன்மேல் இறங்குகிறது, முழங்கால் மடங்கி வாங்கிக்கொள்கிறது, அதனால் தாழ்கிறது. இந்தக் காரணத்தை வில்லியம்ஸ் சொல்கிறார். காரணம் தெரிந்தவர் மூட்டையை ஏற்றினால் இன்னும் தாழ்த்துவார்.

இளவெயில்

அது சரி அண்ணா. பிளேர் புத்தகத்துல இன்னொரு குறையும் இருக்கு, நானே சொல்லிடறேன். அந்தப் படங்களோட பாணி 1940கள் கார்ட்டூன் பாணி. விடாம நகலெடுத்தா கை அந்தப் பாணியிலயே நின்னுடும். அதனால நாலஞ்சு பயிற்சியை நகலெடுத்ததும் அதே இயக்கத்தை உங்க சொந்த உருவத்துக்கு மாத்திப் பாருங்க. ஆனா முதல் புத்தகம் நம்பிக்கை தரணும், காரணம் ரெண்டாவது புத்தகத்துல வரட்டும். இதுல நான் மாறப் போறதில்ல.

தாமரை

நடுவில் நுழைகிறேன். நான் 3டி பக்கம். புதிதாக வருபவர்கள் செலவழிக்கிற பணத்தில் பெரும்பகுதி தப்பான இடத்துக்குப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மென்பொருள் பெயர் அட்டையில் இருக்கிற புத்தகத்தை அனிமேஷன் கற்பதற்காக வாங்காதீர்கள். பிளெண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் 2.80 பதிப்பு வந்தபோது திரையின் அமைப்பே மாறிப்போனது. இடது கிளிக், வலது கிளிக் வரை மாறியது. அதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதிய புத்தகத்தில் "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று இருக்கும், பொத்தான் அங்கே இருக்காது. கற்பவர் தன்மேல்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். மென்பொருளுக்கு அதன் சொந்தக் கையேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பதிப்புக்குப் பதிப்பு திருத்தவும் படுகிறது.

பென்சிலை மனதில் வைத்து எழுதிய பழைய புத்தகம் 3டிக்கு உதவுமா என்று கேட்பார்கள். உதவும். பிக்ஸாரின் ஜான் லாசெட்டர் 1987-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஒரு கட்டுரை வைத்தார். கையால் வரையும் அனிமேஷனின் கொள்கைகளைக் கணினி 3டிக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அதன் பொருள். அதை இப்போது படித்தாலும் ஒரு வரிகூட வீணாகப் போகாது. சின்னக் கட்டுரை, இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆங்கிலமும் எளிது.

3டியில் முக்கிய நிலைகளை நாம் கொடுத்தால் நடுப்படங்களைக் கணினியே போட்டுவிடும், அதுதான் ஆபத்து. கணினிக்கு ஸ்பேசிங் தெரியாது. அசைவை வரைபடமாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ஓடும் வளைவுதான் நம் ஸ்பேசிங். செங்குத்தாக ஏறினால் வேகம், படுத்துக் கிடந்தால் மெதுவு. துள்ளும் பந்தில் தரையைத் தொடும் இடத்தில் வளைவு கூர்மையாக முறிய வேண்டும். மென்பொருள் தன்போக்கில் அதை வழவழப்பாக்கி வைக்கும். பந்து தரைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்து, பஞ்சு மாதிரி உட்கார்ந்து எழும். ஒருமுறையாவது பென்சிலால் பந்தைத் துள்ள வைத்தவருக்கு அந்த வளைவைப் பார்த்ததுமே எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

அன்பரசி

எல்லாரும் பெரிய புத்தகம்னு சொல்ற 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' பத்தி யாருமே பேசலையே? அனிமேஷனோட அடிப்படைன்னு சொல்ற 12 கொள்கைகள் அதுலேருந்துதானே வந்தது? அதைத்தானே முதல்ல படிக்கணும்?

ராகவன்

வணங்க வேண்டிய புத்தகம். ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் டிஸ்னியில் தலைமுறை தாண்டி உழைத்து, ஓய்வு பெற்றபின் 1981-இல் எழுதியது. 12 கொள்கைகள் அதில்தான் வரிசைப்பட்டன. ஆனாலும் முதல் புத்தகமாக வேண்டாம் என்பேன். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் அந்தக் கொள்கைகள் ஒரு அத்தியாயம்தான். மீதியெல்லாம் அந்த ஸ்டூடியோ எப்படி யோசித்தது, ஒரு காட்சி எத்தனை கைகள் மாறியது, எதைத் தூக்கிப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பது. ஏற்கெனவே கொஞ்சம் செய்து பார்த்து முட்டிக்கொண்டு நிற்பவருக்குத்தான் அந்தப் பக்கங்கள் பேசும்.

நூலகத்தில் கிடைத்தால் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் இப்போதே படியுங்கள். அதில் பாதி நிரப்பிய மாவு மூட்டையின் படங்கள் வரும். கை, கால், முகம் எதுவும் இல்லாத மூட்டை. அதை நிமிர்த்திக் கர்வமாகவும், துவள வைத்துச் சோர்வாகவும், முறுக்கிக் கோபமாகவும் காட்டலாம். எவ்வளவு நசுக்கினாலும் உள்ளே இருக்கிற மாவின் அளவு கூடாது, குறையாது. ஸ்க்வாஷ், ஸ்ட்ரெட்ச், அதாவது நசுக்கல், நீட்டல் என்று பேசும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அகலம் கூடினால் உயரம் குறைந்தே ஆக வேண்டும்.

தேன்மொழி

மீனலோசனி மனித உருவம் தடுமாறுதுன்னு சொன்னதால என் பங்குக்கு ஒண்ணு. வால்ட் ஸ்டான்ச்ஃபீல்டு டிஸ்னியில அனிமேட்டர்களுக்கே வரையச் சொல்லிக் கொடுத்தவர். வகுப்புக்கு வகுப்பு அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகளை அவர் மறைவுக்கு அப்புறம் 2009-ல 'டிரான் டு லைஃப்'னு ரெண்டு தொகுதியா போட்டாங்க. உடற்கூறு பாடம் கிடையாது. எதிர்ல நிக்கிற ஆள் என்ன செய்றாரோ அந்தச் செயலை வரை, உறுப்பை வரையாதேன்னு திரும்பத் திரும்பச் சொல்லுவார். ஒரே மூச்சுல படிக்கிற புத்தகம் கிடையாது. தூங்கப் போறதுக்கு முன்னால ஒரு குறிப்பு, மறுநாள் அதை வெச்சு வேகமா கொஞ்சம் கிறுக்கல், அப்படித்தான் நான் படிச்சேன். என் கோடு உயிர் பெற்றது அதுலதான்.

ஆனா நல்லா வரைய வந்ததுக்கு அப்புறம்தான் அனிமேஷன்னு காத்திருக்காதீங்க. ரெண்டும் கூடவே போகட்டும்.

தாமரை

> நல்லா வரைய வந்ததுக்கு அப்புறம்தான் அனிமேஷன்னு காத்திருக்காதீங்க.

இதை நூறு தடவை ஆமோதிக்கிறேன். குச்சி மனிதன் கனமான பெட்டியைத் தூக்குவதை நம்பும்படி காட்டியவர் அனிமேட்டர். பளபளவென்று வரைந்த வீரன் எடையே இல்லாமல் மிதந்தால் அந்த ஓவியம் காட்சிக்கு உதவாது.

கதிர்நிலவன்

கனம்னு பேச்சு வந்ததால 'டைமிங் ஃபார் அனிமேஷன்'. ஹரால்ட் விட்டேக்கர், ஜான் ஹாலஸ் எழுதினது, 1981. ரெண்டு பேரும் 'அனிமல் ஃபார்ம்' (1954) படத்துல இருந்தவங்க. ஒரு விஷயத்துக்கு ஒண்ணு ரெண்டு பக்கம்தான், சின்னச் சின்னதா. பீரங்கிக் குண்டும் பலூனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வட்டம், திரையில எது எதுன்னு எப்படித் தெரியும்? குண்டை நகர்த்த நேரம் ஆகும், நகர்ந்ததை நிறுத்தவும் நேரம் ஆகும். பலூன் தொட்டதும் கிளம்பும், காத்து தடுத்து உடனே நிக்கும். அந்த வித்தியாசத்தை ஃப்ரேம் கணக்குல காட்டுவாங்க. ஃபிலிம் கேமரா, படம் வரையுற கண்ணாடி மாதிரியான செல் தாள் பத்தின பகுதிகள் இப்போ தேவைப்படாது, தாண்டிடலாம். பிற்பாடு வந்த திருத்திய பதிப்பும் இருக்கு.

ரெண்டாவது புத்தகத்துக்கு இதை மனசுல வெச்சுக்கோங்க. அளவா, கைக்கு அடக்கமா இருக்கும்.

பொன்வண்டு

ஒரு கேள்வி. மைப்ரிட்ஜ் புகைப்படத் தொகுப்பு வாங்கினா போதுமா? குதிரை, மனுஷன், பறவைன்னு எல்லா இயக்கமும் இருக்கே. அதைப் பார்த்து வரைஞ்சா தப்பே வராதுல்ல?

ராகவன்

அகராதியாக வைத்துக்கொள்ளுங்கள், பாடப் புத்தகமாக வேண்டாம். எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட தொகுப்பில் 781 படப் பக்கங்கள். மனிதர், விலங்கு என்று பிரித்த மறுபதிப்புகள் கிடைக்கின்றன. அதன் பெரிய பயன், நாம் பார்த்ததாக நினைப்பதைத் திருத்துவது. பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன. அதற்கு முன்னால் ஓவியர்கள் அந்தக் கணத்தைக் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருப்பதாகவே வரைந்து வந்தார்கள். 1878-இல் அவர் எடுத்த படங்களில் கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடியிருக்கும்போதுதான் குதிரை காற்றில் இருந்தது.

ஆனால் புகைப்படத்தை ஒன்றுக்கொன்று அப்படியே நகலெடுத்து ஓட்டினால் இயக்கம் சரியாக இருக்கும், உயிர் குறைவாக இருக்கும். எது முக்கியம் என்று புகைப்படம் சொல்லாது. அதை மிகைப்படுத்திக் காட்டுவது வரைபவர் வேலை. பொதுவாக மனித அசைவு வேண்டுமென்றால் கைபேசியில் நீங்களே நடித்துப் படம் பிடித்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

அன்பரசி

ஒரு எச்சரிக்கை நானும் சேர்க்கிறேன். பட ஸ்டூடியோக்கள் ஒவ்வொரு படத்துக்கும் போடுற ஓவியத் தொகுப்புகள் கண்ணைப் பறிக்கும், விலையும் அதிகம். அதுல இருக்கிறது நிறம், உடை, இடம், கதாபாத்திரத்தோட தோற்றம். ஒரு ஃப்ரேம் அடுத்த ஃப்ரேமா எப்படி மாறுதுன்னு பெரும்பாலும் ஒரு பக்கம்கூட இருக்காது. ஆசைக்கு வாங்கலாம். அனிமேஷன் கத்துக்கன்னு வாங்காதீங்க.

மீனலோசனி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ரெண்டு புத்தகத்தையும் நூலகத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வில்லியம்ஸ் எனக்குப் பிடிச்சது, ஆனா பிளேரைத் திறந்ததும் கை தானா பென்சிலைத் தேடிச்சு. அதனால பிளேரை வாங்கிட்டேன். வில்லியம்ஸை இரவல் எடுத்து வந்து ஸ்பேசிங் பகுதியை மட்டும் படிக்கிறேன்.

நேத்து பந்து செஞ்சேன். மேலேருந்து விழ 8 ஃப்ரேம், ஏற 8 ஃப்ரேம், 24 ஃப்ரேம் வேகம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வரைஞ்சு, நடுவுல ஒண்ணு, அதுக்கும் நடுவுல ஒண்ணுன்னு போட்டேன். விழுற மாதிரியே இல்ல, லிஃப்ட்ல இறங்குற மாதிரி இருக்கு. தரையிலயும் ஒட்டிக்கிட்டுத்தான் எழும்புது. தரைக்கு முந்தின ஃப்ரேம்லேருந்தே நசுக்கியிருக்கேன். எங்க சரி பண்றது?

ராகவன்

சரியான இடத்தில் முட்டியிருக்கிறீர்கள். எல்லா இடைவெளியையும் சரிபாதியாகப் பிரித்ததால் எல்லாத் தாவலும் ஒரே அளவாகிவிட்டது. விழும் பொருள் அப்படி விழாது. சம நேரத் துண்டுகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் கூடிக்கொண்டே போகும். கலிலியோ கண்டது. உங்கள் 8 ஃப்ரேமுக்கு 1 முதல் 15 வரை ஒற்றை எண்களைக் கூட்டினால் 64. விழும் உயரத்தை 64 பாகமாகப் பிரியுங்கள். முதல் ஃப்ரேமில் 1 பாகம், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 9, பிறகு 16, 25, 36, 49, கடைசியில் 64. உச்சியில் பந்துகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கியிருக்கும், தரைக்கு அருகே ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்கும். ஏறும்போது அதே இடங்கள், தலைகீழ் வரிசையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது எனக்கு மிகப் பிடித்த விஷயம். 8 ஃப்ரேம் என்றால் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் எந்தப் பொருளும் ஏறத்தாழ அரை மீட்டர்தான் விழும். நீங்கள் வரைந்த உயரம் பந்தைப்போல் எட்டு மடங்கு என்றால் பார்ப்பவருக்கு அது டென்னிஸ் பந்து. இரண்டு மடங்கு சொச்சம்தான் என்றால் அது கூடைப்பந்து. அளவை எங்கேயும் எழுதவில்லை, நேரம் சொல்லிவிடுகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டுமென்றால் 11 ஃப்ரேம் கொடுங்கள்.

இளவெயில்

கணக்கு அழகா இருக்கு அண்ணா. தாள்ல வேலை செய்றப்போ எளிய வழி, பாதியாக்கிறதை நிறுத்த வேண்டாம், ஒரே பக்கமா பாதியாக்குங்க. முதல்ல உச்சிக்கும் தரைக்கும் நடுவுல. அடுத்தது உச்சிக்கும் அந்த நடுவுக்கும் நடுவுல. அப்புறம் மறுபடி உச்சிப் பக்கமே. தரைப் பக்கம் எதுவும் போடாதீங்க. இயற்பியல்படி துல்லியமா வராது, ஆனா கண்ணுக்குப் போதும். பழைய அனிமேட்டர்கள் படத்து ஓரத்துல போடுற சின்ன ஏணி மாதிரிக் கோடு இதைத்தான் குறிக்கும்.

நசுக்கல் விஷயம்: தரைக்கு முந்தின ஃப்ரேம்ல பந்து நசுங்கக் கூடாது, இன்னும் எதுலயும் மோதலையே. அங்க அது போற திசையில லேசா நீளணும். அப்புறம் தரையைத் தொட்ட ஃப்ரேம், தொட்ட அடுத்த ஃப்ரேம்ல நசுங்கல், அதுக்கு அடுத்ததுல நீண்டு கிளம்பல். நசுங்கல் ஒரே ஃப்ரேம். ரெண்டு மூணு ஃப்ரேம் வெச்சா அதுதான் நீங்க சொன்ன ஒட்டல். உச்சியில முழு வட்டம், அங்க நீட்டல் எதுவும் வேண்டாம்.

கதிர்நிலவன்

பந்து என்ன பொருள்னும் முடிவு பண்ணிக்கோங்க. இரும்புக் குண்டுன்னா நசுங்கலே கிடையாது, துள்ளலும் அரைகுறைதான். ரப்பர்னா ஒவ்வொரு துள்ளலும் முந்தினதைவிட உயரம் குறைவு, நேரமும் குறைவு. உயரத்தைக் குறைச்சுட்டு ஃப்ரேம் எண்ணிக்கையை அப்படியே விட்டா கடைசித் துள்ளல்கள் மிதக்கும்.

மீனலோசனி

வந்துடுச்சு! உச்சியில நெருக்கி வெச்சதும் பந்து ஒரு நொடி தயங்கிட்டு விழுந்தது. பத்து தடவை ஓட்டிப் பார்த்துட்டே இருந்தேன். வில்லியம்ஸ் புத்தகத்துல ஸ்பேசிங் பக்கத்தைத் திரும்ப எடுத்தா இப்போ ஒவ்வொரு புள்ளியும் ஏன் அங்க இருக்குன்னு புரியுது, நேத்து வெறும் புள்ளியா தெரிஞ்சது.

அடுத்தது என்ன செய்யட்டும்? நேரா நடைக்குப் போகலாமா? ஒரே படத்தை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தறதுன்னு போட்டிருக்கே, அதை எப்போ செய்யணும்?

இளவெயில்

நடைக்கு முன்னால ரெண்டு. முதல்ல ஊசல், அதோட நுனியில ஒரு துணியோ வாலோ கட்டி விடுங்க. ஊசல் திரும்பின பிறகும் வால் பழைய திசையிலயே கொஞ்சம் போகும், அதுதான் பின்னிழுப்பு. அப்புறம் ராகவன் அண்ணா சொன்ன மாவு மூட்டை, அது ஒரு படியிலேருந்து குதிக்கட்டும். குதிக்கிறதுக்கு முன்னால குனியணும், இறங்கினதும் நசுங்கணும். பந்து, ஊசல் ரெண்டுலயும் கத்துக்கிட்டது அதுக்குள்ள வந்துடும். அதுக்கப்புறம் பிளேர்ல நடை.

ராகவன்

ஒரே படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் வினாடிக்கு 12 படம் போதும். பேசுவது, திரும்பிப் பார்ப்பது, கை நீட்டுவது போன்ற சாதாரண அசைவுகளுக்கு அது போதும், பாதி வேலையும் மிச்சம். வேகமான அசைவுக்கும், கேமரா பின்னணியோடு சேர்ந்து நகரும் காட்சிக்கும் ஃப்ரேமுக்கு ஒரு படம் வேண்டும். உங்கள் பந்தையே பாருங்கள். 8 ஃப்ரேம் விழலை இரண்டிரண்டாக நிறுத்தினால் நான்கே படம்தான் மிஞ்சும், தரைக்கு அருகே பந்து கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும். அதனால் பந்துக்கு ஒன்று, மாவு மூட்டை குதிக்கத் தயாராகும் பகுதிக்கு இரண்டு, குதித்த பிறகு மறுபடி ஒன்று. ஒரே காட்சிக்குள் இப்படி மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. மூட்டை முடிந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறோம்.